பிரிக்காத பொட்டலம்

ஜெயமங்கலம்,
12-5-1946

அன்புத் தம்பி சங்கிலிக்கு, சீனிச்சாமி எழுதுவது.

இங்கே நானும் ராமுத்தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும் சௌக்கியம். ஆமாம், இரண்டு. சின்னவள் பிறந்து எட்டு மாதம் ஆகிறது. மூணாற்றுக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் நாலு வரி வந்தால்தான் மனம் ஆறும்.

மூன்று வருஷமாக எட்டிப் பார்க்காதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நீ நினைப்பது நியாயம். விலாசம் தெரியாது என்று இத்தனை நாள் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் பெரியகுளம் சந்தையில் உன் அம்மா பஞ்சம்மாளைப் பார்த்தேன். வருசநாட்டிலிருந்து இலவம்பஞ்சு மூட்டையோடு வந்திருந்தார்கள். தேயிலை பாக்டரியில் பெட்டி ஏற்றும் வேலையில் இருக்கிறாய் என்று சொல்லி விலாசமும் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சாக்கும் போயிற்று.

இங்கே மழை இல்லை. ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வருகிறார்கள், நானும் போகிறேன், பாடம் நடக்கிறதா என்று மட்டும் கேட்காதே.

நம் கூடைப்பந்துக் கதையைச் சொல்கிறேன். இந்த வருஷம் பெரியகுளத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினோம். மதுரையிலிருந்து வந்த மில்காரர்கள் நம்மை ஓட ஓட விரட்டினார்கள். என் முழங்கால் பழைய முழங்கால் இல்லை. நான் பந்தைப் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் எதிராளி காப்பி குடித்துவிட்டு வந்துவிடுகிறான் என்று இருதயம் மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பட்டணத்தில் டிரில் பயிற்சி முடித்து, இந்த விளையாட்டை நம் ஊருக்குக் கொண்டுவந்த மனுஷன். அவருக்குச் சொல்ல உரிமை உண்டு. பந்தும் என்னைப் போலத்தான். சண்டைக் காலத்தில் புதுப் பந்து கிடைக்காமல் சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டே ஓட்டினோம். இன்னும் அதே பந்துதான்.

விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாசியில் திண்டுக்கல்லில் ஒரு போட்டி இருக்கிறது. உன்னைக் கூப்பிட வேண்டும் என்று இருதயம் மாஸ்டர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அன்றைக்கு உன்னைச் சேர்க்கக் கூடாது என்று குதித்த சுருளியாண்டிகூட, “எழுதிப் போடுங்கண்ணே, வரட்டும்” என்று சொல்லிவிட்டான். தங்க இடம் என் வீட்டில். வேலைக்கு இங்கே அரிசி மில்லில் சொல்லி வைத்திருக்கிறோம்.

அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தது உன் மனதில் இருக்கலாம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அந்த வருஷத்துப் போட்டிக்காகக் கேட்டது. இந்த வருஷம் வேறு வருஷம்தானே.

யோசித்து நல்ல பதிலாக எழுது. ராமுத்தாய் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் நன்மையை விரும்பும்,
சீனிச்சாமி


ஜெயமங்கலம்,
9-6-1946

தம்பி சங்கிலிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இன்று ஞாயிறு. இடையில் நாலு தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

உன் கடிதம் எனக்கு மனப்பாடம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போதும் அதுதான் ஓடுகிறது. “அண்ணே, நான் வரல. கோயில்ல ஆத்தா வேண்டாம்னு சொன்னது எங்கையிலயே வந்துச்சு. எங்கோவம் அவளுக்கே பிடிக்கல. அன்னையிலருந்து நான் பந்தத் தொடல. இங்கன கிளார்க்குமாரு ரிங்கு கட்டி ஆடுறாக. நான் பெட்டி தூக்கிப் போடுறதப் பாத்துட்டு என்னையக் கூப்பிட்டாக. போகல. இப்பல்லாம் கோவமே படுறதில்லண்ணே. போன மாசம் கங்காணி கொடைக் கம்பால அடிச்சாக. தப்பு எம்மேல இல்ல. ஆனாலும் ஒண்ணும் சொல்லல. தலயக் குனிஞ்சுக்கிட்டேன்.” இப்படி எழுதிவிட்டு, கடைசியில் என் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும் சொல்லியிருக்கிறாய்.

சந்தையில் உன் அம்மா சொன்னதை முன் கடிதத்தில் முழுதாக எழுதவில்லை. “ஆத்தா புண்ணியத்துல எம்மகனுக்குக் கோவம் போயிருச்சு சாமி” என்று முதலில் சந்தோஷமாகத்தான் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா அவன் சிரிச்சும் நான் பாக்கல” என்றார்கள். அப்போதே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. இருந்தாலும், உன்னைத் திரும்பக் கூப்பிட்டு ஆடவைத்துவிட்டால் ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அதனால்தான் போன கடிதத்தில் அப்படி வழுக்கி வழுக்கி எழுதினேன். நீ வர மறுத்துவிட்டாய். இனிமேல் ஒளிய இடம் இல்லை.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். சொல்லியாக வேண்டிய இடம் வரும்வரை கை ஓட வேண்டும் அல்லவா?

பழைய கம்பங்கள் செல்லரித்துப்போய், ரிங் மாட்ட இரண்டு வேங்கை மரம் வேண்டும் என்று நாங்கள் சொன்னதும், வருசநாட்டிலிருந்து நீ வண்டியில் கொண்டுவந்து இறக்கினாய். கம்பம் நட்டு முடிந்ததும் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாய். காலடிக்கு உருண்டு வந்த பந்தை எடுத்து, வண்டியின் உச்சிக்குப் பஞ்சு மூட்டை எறிகிற மாதிரி எறிந்தாய். நேராக உள்ளே விழுந்தது. இருதயம் மாஸ்டர் இன்னொரு தடவை எறியச் சொன்னார். அதுவும் விழுந்தது. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை, ஆறு வருஷம் அவரிடம் கற்றுக்கொண்ட நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. உன்மேல் எனக்கு முதல் முள் ஏறியது அப்போதுதான்.

உன் கோபமும் பொய் இல்லை. சின்னமனூரில் விளையாடும்போது, நீ செய்யாத பவுலுக்கு ரெப்ரி விசில் ஊதினார். நீ போய் அவர் வாயிலிருந்த விசிலைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தாய். எல்லாரும் ஊர் போய்ச் சேர முடியுமா என்று பயந்துவிட்டோம். ஆனால் அதே ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிஷத்துக்கு மாஸ்டர் என் தோளைத் தட்டி, “சீனி, நீ உக்காரு, அவன் ஆடட்டும்” என்று சொல்லித்தான் உன்னை இறக்கியிருந்தார். விசில் போனதை ஊரே பேசியது. நான் உட்கார்ந்ததை யாரும் பேசவில்லை. என்னைத் தவிர.

பெரியகுளம் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நேரத்தில் பள்ளிக்கூடத்தில் ஏழு பேர் கூடினோம். நீ வெளியே வேப்பமரத்தடியில் இருந்தாய். “கோவத்த நான் பாத்துக்கிறேன். அந்தக் கை வேற எவன்கிட்ட இருக்கு?” என்று மாஸ்டர் கேட்டார். “இன்னைக்கு ரெப்ரியோட விசிலு, நாளைக்கு எம்பல்லு” என்று சுருளியாண்டி எகிறினான். மூன்று பேர் வேண்டும் என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். மீதி நான். நான் காப்டன். என் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். வேண்டும் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஐந்து பேர் ஆட்டத்தில் நீ வந்தால் போகிறவன் நான்தான். ஆகையால் பெரிய நியாயவான் போல, அம்மனிடம் பூக்கட்டிக் கேட்போம், வெள்ளை வந்தால் சேர்ப்போம், சிவப்பு வந்தால் விட்டுவிடுவோம் என்று சொன்னேன். மாஸ்டர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். தனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் எல்லாரும் கட்டுப்படுவதானால் தானும் கட்டுப்படுவதாகச் சொன்னார். பொட்டலம் கட்டும் பொறுப்பை, எந்தப் பக்கமும் சேராதவன் என்று என்னிடமே கொடுத்தார்கள்.

தம்பி, இதோ அந்த இடம் வந்துவிட்டது.

விடிந்ததும் என் வீட்டுக் கொல்லையில் பூப் பறித்தேன். சிவப்புக்கு அரளி, வெள்ளைக்கு அடுக்கு நந்தியாவட்டை. இரண்டையும் பறித்தேன், அது நிஜம். பூவரச இலையில் அரளியை வைத்து மடித்து வாழைநாரால் கட்டினேன். இரண்டாவது இலையை எடுத்தேன். அதிலும் அரளியை வைத்தேன். உன் கோபத்தால் யாருக்காவது கை கால் போய்விடும், நான் நல்லதுதான் செய்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மிச்சமிருந்த நந்தியாவட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் ராமுத்தாயிடம் கொடுத்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவளுக்குப் பூக் கொடுத்ததே இல்லை. அவள் சிரித்துக்கொண்டே தலையில் வைத்துக்கொண்டாள். அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டுதான் கோயிலுக்கும் வந்தாள்.

நீ குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெள்ளை வேட்டியில் வந்து நின்றாய். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே நின்றார். பூசாரி எடுப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ, “உன் காரியம், நீயே எடுப்பா” என்று தட்டை உன்னிடம் நீட்டிவிட்டார். நீ கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாய். எந்தப் பக்கம் கையைக் கொண்டுபோவது என்று உன் விரல் அங்கும் இங்கும் தவித்தது. அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்க எனக்கு அவ்வளவு நேரம் இருந்தது, தம்பி.

சிவப்பு வந்தது. நீ தட்டைத் தூக்கி எறியப் போகிறாய் என்று சுருளியாண்டி இரண்டடி பின்னால் போனான். நீ அந்த அரளியைக் கண்ணில் ஒற்றி மடியில் கட்டிக்கொண்டாய். “ஆத்தா சொல்லிட்டா, சரி” என்றாய். மாஸ்டரிடம் போய்க் கும்பிட்டாய். அப்புறம் வண்டியைப் பூட்டப் போய்விட்டாய். கோபக்காரன் என்று நாங்கள் தள்ளிய நீ, கோபப்பட எல்லா நியாயமும் இருந்த அன்றைக்குக் கோபப்படவே இல்லை. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கப் பூசாரி கையை நீட்டினார். வந்தது வந்துவிட்டது, அதை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி நான் சட்டென்று எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். பிறகு ஆற்றுக்குப் போய் மணலைத் தோண்டிப் புதைத்தேன்.

அன்றிலிருந்து நான் கோயிலுக்குள் போகவில்லை. திருநீறு வாங்குவதுகூட வாசலில் நின்றுதான். ராமுத்தாய் காரணம் கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். உன் கடிதம் வந்த மறுநாள் முதலில் அவளிடம் சொன்னேன். அவள் தலையில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள், அந்தப் பூ இன்னும் அங்கே இருக்கிற மாதிரி. நாலு நாளாக எனக்குச் சோறு போடுகிறாள், முகம் பார்க்கவில்லை.

மாஸ்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒட்டுப் போட்ட பந்தை உருட்டிக்கொண்டே இருந்தார். “எங்க சாமியார்கிட்டச் சொன்னா மன்னிச்சு அனுப்பிருவாக. எங்கிட்டச் சொல்லி என்னய்யா பிரயோசனம்? அவன்கிட்டல்ல சொல்லணும்” என்றார். சொல்லிவிட்டேன்.

உன்னை அம்மன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளை நாங்கள் கேட்கவே இல்லை. உன் கோபம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டு மூன்று வருஷம் தலை குனிந்து நின்றது என் பேச்சைக் கேட்டு. கங்காணி அடித்தபோது உன் கையைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். அந்த அரளியை இன்னும் வைத்திருந்தாயானால் எறிந்துவிடு. அதில் சாமி இல்லை.

மன்னிக்கச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கேட்க எனக்கு முகமும் இல்லை. திண்டுக்கல் போட்டிக்கு என் பெயரைக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் உன் பெயரைத்தான் மாஸ்டர் எழுதியிருக்கிறார். நீ வந்தாலும் வராவிட்டாலும் அது அப்படியே இருக்கும். நீ கொண்டுவந்த வேங்கை மரங்கள் இன்னும் உறுதியாகத்தான் நிற்கின்றன.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வர வேண்டும். வந்தால் அதை அடக்காதே. கிளம்பி நேராக என் வீட்டுக்கு வா. பள்ளிக்கூடமாக இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு வா, பிள்ளைகள் பார்த்தாலும் பரவாயில்லை. என்ன செய்ய வேண்டுமோ செய். நான் விலகமாட்டேன். அம்மன் சத்தியமாக என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேர்மேலும் ஆணையாகச் சொல்கிறேன், விலகமாட்டேன்.

வர மனமில்லை என்றால் திட்டியாவது நாலு வரி எழுது. போன கடிதம் மாதிரி என் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம் மட்டும் சொல்லி அனுப்பிவிடாதே, தம்பி.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
சீனிச்சாமி