குசினி வரை எட்டிய லத்தீன்

அன்புள்ள அப்பா,

லத்தீனை நீங்கள் அண்ணனுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். நான் கேட்டேன், எனக்குத் தரவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக இதை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது.

தினமும் செபமாலை முடிந்ததும் முன்னறையில் அண்ணனை முழங்காலில் முட்டுப்போட வைப்பீர்கள். பூசை லத்தீனில் நடந்த கடைசி வருஷங்களில் நீங்கள் சாமியாருக்குப் பதில் சொல்லும் பீடச் சிறுவனாக இருந்து மனப்பாடம் செய்தது அத்தனையும் அவனுக்கு ஏற வேண்டும். அவன் சாமியாராகப் போகிறவன். நீங்கள் சாமியாரின் வரியைச் சொல்வீர்கள், அவன் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள், குசினியில் அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்த நானும் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றேன்.

"எனக்கும் சொல்லித் தாங்கப்பா."

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குளா அது? சாளைய அரிஞ்சி முடிச்சியா?"

திரும்பிப் போனேன். ஆனால் உங்கள் குரல் ஹார்பரில் கிரேன் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல். அது குசினி வரை வந்தது. அண்ணன் வாய்க்குள் முணுமுணுப்பான், அது வராது. அப்படித்தான் எனக்குப் பாதி லத்தீன் கிடைத்தது. சாமியார் சொல்லும் பாதி. ஒவ்வொரு வரிக்கும் அடுத்த இடம் காலி.

உங்கள் பேத்தி அமலிக்கு இப்போது ஆறு வயது. முன்பல் ஒன்று ஆடுகிறது. உங்கள் சட்டம் ஞாபகம் இருக்கிறதா? "முன்பல்லு விழுததுக்கு முந்தி ஆரம்பிச்சிரணும். பெறவு நாக்கு வளையாது." யார் சொன்னது அதை? நீங்களே கட்டிவிட்டதா? நான் அதை நம்பவில்லை. ஆனால் பல் ஆடுவதைப் பார்த்ததும் பயந்துபோய், மறுநாளே ஆரம்பித்துவிட்டேன்.

அவளை முட்டுப்போட வைக்கவில்லை. ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும்போது எனக்கு முன்னால் நின்றுகொண்டு வருவாள். கடல் தெரிந்தால் மாரே. தூரத்தில் கப்பல் நின்றால் நாவிஸ். ஒரு நாளைக்கு ஒரு லத்தீன் சொல். வீட்டில், எனக்குத் தெரிந்த அந்தப் பாதி. கைகளை விரித்துக்கொண்டு "தோமினுஸ் வோபிஸ்கும்" என்று இழுக்கிறாள் அப்பா. நீங்கள் இழுக்கும் அதே இழுப்பு. முதல் தடவை கேட்டபோது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் இறால் கம்பெனியில் எல்லாருக்கும் இது தெரிந்துவிட்டது. உரிக்கும் மேசையிலிருந்து செல்வி அக்கா கேட்டாள், "ஏளா கித்தேரி, ஒம் மவள சாமியாராக்கப் போறியாக்கும்?" நான் ஏற்றுமதித் தாளைக் காட்டினேன். நாம் உரிக்கும் வெள்ளை இறாலுக்கு லத்தீனில் பெனேயுஸ் இண்டிகுஸ் என்று பெயர், இண்டிகுஸ் என்றால் நம் தேசத்தது என்றேன்.

"பேரு பெருசால்லா இருக்கு, இறால் இம்புட்டூண்டு இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவளே, "பத்து வருசமா உரிக்கேன். ஒருத்தனும் எங்கிட்ட சொல்லலையே" என்றாள்.

ஐஸில் விரல் மரத்துப்போக உரிப்பவளுக்குப் பெயர் தெரியாது. கடல் கடந்து தின்பவனுக்குத் தாளில் எழுதிப் போகிறது. கோயிலில் உங்களுக்கும் இதைத்தான் செய்தார்கள். பதிலைக் கொடுத்தார்கள், அர்த்தத்தைக் கொடுக்கவில்லை. அர்த்தம் தெரியாமலேயே ஒப்பித்துவிட்டு வந்தீர்கள். அவர்கள் உங்களிடம் பாதியை மறைத்தார்கள், நீங்கள் என்னிடம் முழுவதையும் மறைத்தீர்கள். இது மட்டும் உங்களுக்கு எப்படிச் சரியாகப்பட்டது?

போன மாதம் வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்கப் புதுச் சாமியார் வந்தார். சின்ன வயசுக்காரர். கூடவே தீர்த்தச் செம்போடு, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அண்ணாச்சி, சின்ன வயசில் உங்களோடு பீடத்தில் நின்றவர். அவர்கள் படியேறும்போதே அமலி வாசலை மறித்து, கையை விரித்து, "தோமினுஸ் வோபிஸ்கும்!" என்றாள்.

சாமியார் சிரித்துவிட்டார். அண்ணாச்சிக்குக் கோபம். "ஏளா, அது சாமியாரு சொல்லுதது. நீ சொல்லப்பிடாது. பதிலத்தான் நீ சொல்லணும்."

"பதிலு எங்கம்மைக்குத் தெரியாதே."

"தெரியாமலா ஒனக்குச் சொல்லித் தந்தா?"

"அம்மா குசினியில நின்னு கேட்டாங்க. தாத்தா சொன்னது கேட்டிச்சாம். மாமா சொன்னது கேக்கலையாம்."

சாமியாரின் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணாச்சி செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்தேன். சாமியாராகப் படித்த குருமடத்தை விட்டு வந்தபின் சரக்குக் கப்பலில்தான் இருக்கிறான், உங்களுக்குத் தெரியும். பதில்களைச் சொல் என்றேன். "ஒண்ணும் ஞாபகம் இல்லளா. முட்டுவலியும் ஸ்கேல் அடியுந்தான் ஞாபகம் இருக்கு" என்றான். வைப்பதற்கு முன் சொன்னான்: "ஒன்ன அங்கன நிப்பாட்டியிருக்கலாம். நான் போயி மீன் அரிஞ்சிருப்பேன்."

போனில் தேடினால் ஒரு நொடியில் பதில் வருகிறது அப்பா. எழுத்தாகவும் வருகிறது, எவனோ ஒருவனின் குரலிலும் வருகிறது. அமலிக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், உங்கள் காதருகே குனிந்து, தோமினுஸ் வோபிஸ்கும் என்று அந்த வரியைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே, "ஏலே, வந்துட்டியா?" என்றீர்கள். அண்ணன் அப்போது நடுக்கடலில் இருந்தான்.

"நான் கித்தேரிப்பா" என்றேன். கண்ணைத் திறந்தீர்கள். என்னை வெகுநேரம் பார்த்தீர்கள். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு நாள் இருந்தீர்கள். முடியவில்லையா? மனசு வரவில்லையா? மூச்சுமுட்டும் நேரத்தில் உங்களுக்குப் பரீட்சை வைத்தேனோ என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இந்தக் கேள்வி போகமாட்டேன் என்கிறது.

அந்த வரிக்கு, ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்று அர்த்தம். உங்களுக்கு யாரும் சொல்லித் தராததால் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு நான் உங்களுக்குச் சொன்னதும் அதுதான்.

அமலிக்கு இரண்டு பாதியையும் சொல்லித் தருவேன். அர்த்தத்தோடு, ஸ்கேல் இல்லாமல், பல் விழுந்தாலும் தருவேன். வேண்டாம் என்று அவள் சொன்னால் அன்றைக்கே நிறுத்துவேன். சத்தியம்.

இப்போது நான் குசினியில் இல்லை. நீங்கள் நின்ற முன்னறையில், நீங்கள் நின்ற இடத்தில் நிற்கிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அண்ணனும் இல்லை. கேட்பது நான்தான்.

தோமினுஸ் வோபிஸ்கும்.

பதில் சொல்லுங்கள், அப்பா.

உங்கள் மகள்
கித்தேரி