இரண்டாம் சரணத்துக்கு முன் ஒரு சுற்று

ஓகஸ்ட் 13, புதன்

கச்சான் காற்று. வாய்க்குள்ளும் மண். தண்ணீர் மோட்டார் திருத்துபவன் இன்றும் வரவில்லை.

அக்கா மகள் தாரணியின் கல்யாண வரவேற்பு அடுத்த ஞாயிறு கழிந்த ஞாயிறு. மாப்பிள்ளையின் கூட்டாளி டிலான் பாட்டுப் போடுவானாம். டிஜே. யாரோ பாடியதை யாருக்கோ போட்டுக் காட்டக் கறுப்புக் கண்ணாடி எதற்கு? வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை.

தாரணியின் ஒரே ஆசை: அன்று அம்மா ஒரு பாட்டுப் பாட வேண்டும். அத்தான் பஸ் ஓட்டும்போது பாடிய பாட்டு. அத்தான் இறந்து மூன்று வருடம். அக்கா சம்மதம்.

முன்னறையில் ஒத்திகை. டிலானின் கைபேசியில் குரல் நீக்கிய பாட்டு. முதல் சரணம் நன்று. இரண்டாவதற்கு முன் அக்கா நின்றுவிட்டாள். கைபேசி நிற்கவில்லை. அவளில்லாமலே பாட்டை முடித்தது. கடைசியில் பதிவுசெய்த கைதட்டல் வேறு. அக்கா வாய் மூடி நிற்க, யாரோ ஆயிரம் பேர் தட்டினார்கள்.

"எனக்கு ஏலா தம்பி. விடு."

ஓகஸ்ட் 15, வெள்ளி

இடியப்பம், சொதி. வெக்கை.

ஆர்மோனியத்தை இறக்கித் தூசி தட்டினேன். கைபேசிதானே காத்திருக்காது, நான் காத்திருப்பேன். அதே இடத்தில் நின்றாள். நானும் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பார்க்காதடா. நீ பார்க்கிறதாலதான் மறுகா பாட்டு வருதில்ல."

கீழே பார்த்தேன். அதுவும் பார்ப்பதாகத்தான் இருந்ததாம்.

தாரணி குசினி வாசலில். "அப்பாட பாட்டு ஒண்டாவது அங்க கேக்கணும் மாமா. அம்மா பாடாட்டி எனக்கு வேற பாட்டும் வேணாம்."

மாலையில் டிலான் பழைய மடிக்கணினி ஒன்றைத் தந்தான். உள்ளே ஒரு மென்பொருள். பாட்டைத் துண்டுகளாக்கிக் கட்டங்களில் வைத்து, மேடையிலேயே ஒவ்வொன்றாக விரலால் அமர்த்தி வாசிப்பதாம். அடுத்ததை அமர்த்தும்வரை ஒரே துண்டு சுற்றிக்கொண்டே இருக்கும்.

"சிம்பிள் அங்கிள். நீங்க அமத்துங்க, தானா வரும்."

தானாக வருவது இருமல்.

ஓகஸ்ட் 16, சனி

பயிற்சிக் காணொளி. ஒரு தாடிக்காரன். முதலில் தன்னைப் பற்றி, பிறகு தன் பூனையைப் பற்றி. பூனை பரவாயில்லை.

மென்பொருளோடு இலவசமாக ஒரு பெட்டி ஒலிகள். 'கீழைத்தேயம்' என்று தலைப்பு. மகுடி, மழை, 'கோயில் நான்கு'. கோயில் நான்கில் யாரோ உண்டியலைக் கீழே போடுகிறார்கள். தாடிக்காரனின் ஊரில் நாம் இப்படித்தான் கேட்கிறோம் போலும்.

கற்றவை:
– அமர்த்தியவுடன் எதுவும் நடக்காது. ஓடும் சுற்று முடிந்த பிறகே அடுத்த துண்டு. அரச அலுவலகக் கருமபீடம் மாதிரி. விண்ணப்பம் ஏற்கப்பட்டது, இருக்கையில் அமரவும்.
– வேகத்தை முதலே சொல்ல வேண்டும். அக்காவின் வேகம் அக்காவுக்கே தெரியாது.
– சேமிக்க. மடிக்கணினியின் பற்றரி செத்தது. நேற்று மின்சாரம் போனபோது சேமித்திருக்கவில்லை.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

ஆர்மோனியத்தைத் துண்டு துண்டாகப் பதிந்தேன். அதில், தெருவில் பாண், பணிஸ் விற்க வரும் ஓட்டோவின் பாட்டும் விழுந்துவிட்டது. தெரியாமல் சுற்றவிட்டால், சுற்றுக்கு ஒரு தரம் பாண்காரன் வருகிறான். பக்கத்து வீட்டு மலர் பையோடு படலைக்கு வந்தாள். போனாள். திரும்பவும் வந்தாள்.

"என்ன மாஸ்டர், பாண்காரன் ஒளிச்சு விளையாடுறானா?"

மென்பொருளை விளக்கினேன். அப்ப பாண் இல்லையா என்றாள்.

ஜன்னலைச் சாத்தி மறுபதிவு. வியர்வையில் கட்டைகள் வழுக்கின.

அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டாம் சரணத்துக்கு முன்னுள்ள துண்டைச் சுற்றவிட்டேன். எவ்வளவு நேரமும் சுற்றும் என்றேன்.

"மாடு அசைபோடுற மாதிரி இரிக்கி," என்றாள்.

பாடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கதிரையில் இருந்து கேட்டாள்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

நாவற்குடா மண்டபம். குளிரூட்டி குளிரவைக்கவில்லை, சத்தம் மட்டும். டிலானின் புகை இயந்திரத்தால் முதல் வரிசை முழுக்க இருமல். கறுப்புக் கண்ணாடியோடு அந்தப் புகைக்குள் நடந்து, தன் வயரிலேயே தடுக்கி விழுந்தான். வாரத்தின் முதல் மகிழ்ச்சி.

அக்கா மேடையேறினாள். முதல் சரணம் சரி. பிறகு நின்றாள். ஒலிவாங்கி கையில், கண் தாரணியில்.

துண்டு சுற்றியது. மறுபடி. மறுபடி. பின்னால் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம். நான் திரையை மட்டும் பார்த்தேன். டிலான் அடுத்ததை அமர்த்தக் கை நீட்டினான். தட்டிவிட்டேன்.

"அங்கிள், ஸ்டக் ஆகிட்டுது."

"வாயை மூடு."

இந்தச் சாமானுக்கு இங்கிதம் என்பது அறவே கிடையாது. எதிரே ஒருத்தி நிற்பது அதற்குத் தெரியாது. முகம் பார்க்காது, இரங்காது, மெதுவாகாது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிலும் அவளைச் சும்மா விட்டது அது ஒன்றுதான்.

மூச்சு இழுத்தாள். ஒலிபெருக்கியில் கேட்டது. அமர்த்தினேன். வழக்கம்போல உடனே நகரவில்லை, ஓடும் சுற்றை முடித்துக்கொண்டுதான் வந்தது. அக்காவும் அதுவரை நின்று, அதோடு சேர்ந்து இரண்டாம் சரணத்துக்குள் போனாள். கடைசி வரி வரைக்கும் பாடினாள். தாரணியின் கண்மை கன்னத்தில்.

சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா: "நடுவில வந்த மியூசிக் நல்லா இரிந்திச்சு மாஸ்டர். சாடையா நீளம்."

டிலானிடம் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த புரோகிராமுக்கு வாறீங்களா என்றான். அவன் முழங்காலில் சிராய்ப்பு, கண்ணாடி இன்னும் முகத்தில்.

வீட்டுக்கு வரும் ஓட்டோவில் அக்கா: "எத்தின தரம் சுத்தினது?"

எண்ணவில்லை என்றேன்.

"நல்லம்," என்றாள்.