தென்னர் பெஞ்சுக்காரிக்கு

நேற்று மத்தியானம் உன் ஆளை மறுபடியும் பார்த்தேன். பதறாதே, உன் வீட்டுக்காரரைச் சொல்லவில்லை. அவர் மூணு வேளையும் சாப்பிட்டு, பேப்பரை முகத்தில் போட்டுத் தூங்கி, சுகமாகவே இருக்கிறார். நான் சொல்வது அந்தக் குண்டு வெள்ளைக்காரனை. நெஞ்சை நிமிர்த்தி, வாயைப் பிளந்து, தியேட்டர் கூரை எழும்பிப் போகிற மாதிரி பாடுவானே, அவனை. மகள் திருவனந்தபுரத்திலிருந்து வரும்போது ஒரு சிடி கொண்டுவந்தாள். "அம்மே, நீ எப்பவும் பறையுற படம் இதுதானோ நோக்கு" என்று போட்டுவிட்டாள். முதல் பாட்டை அவன் எடுத்ததுமே எனக்குச் சுக்கு மிட்டாய் வாசனை அடித்தது. அன்றைக்கு தியேட்டரில் நீ என் காதுக்குப் பக்கத்தில் கடக் கடக்கென்று கடித்துக்கொண்டிருந்த அதே சுக்கு மிட்டாய்.

படம் முடிந்ததும் சண்டை போட ஆள் தேடினேன். மகளுக்கு அதில் ருசி இல்லை, "கொள்ளாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நன்றாயிருக்கிறதாம். ஆயுசு முழுக்க இந்த ஒரு படத்துக்காக என்னோடு மல்லுக்கு நின்றவள் நீ. கடைசியில் ஒரு சமாச்சாரம் தெரியவந்திருக்கிறது, நீயோ கல்லறைத் தோட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் படத்துக்குப் போனதே பெரிய கூத்து. பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவில் இருக்கிற நம் சபையில் சினிமா என்றால் நேரே நரகத்துக்கு டிக்கெட். நம் கொயரை நடத்திய பாட்டு சார் போதகர் ஐயாவிடம் போய் நின்று, "இது படமில்ல ஐயா, பாடமாக்கும்" என்றார். ஐயா நாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். உலகத்திலேயே வலிய தென்னர் பாடுகிறான், நம்ம பிள்ளைகள் கேட்டால் அறுப்பின் பண்டிகைக்கு உபகாரப்படும் என்று சார் சொன்ன பிறகுதான் அரை மனதாகத் தலையை ஆட்டினார்.

தென்னர்! இப்போது எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. ஆண்களில் உச்சமாகப் பாடுகிற பாகத்துக்கு வெள்ளைக்கார மிஷனரி வைத்துவிட்டுப் போன பெயர் டெனர். சாருடைய நாக்கில் அது தென்னர் ஆனது, பலகையிலும் அப்படியே எழுதினார், நமக்கும் அதுவே வேதம். நான் கால் ஆர்மோனியம் மிதிக்கிறவள். நீ எனக்கு ஒட்டினாற்போல, பெண்களில் தாழ்ந்து பாடுகிற ஆல்ட்டோ பெஞ்சில். தென்னரும், அதற்கும் அடியில் பாடுகிற பேஸும் நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பகுதியில். அந்த நடைபாதையை ஆராதனை நேரத்தில் எந்தப் பெண்ணும் தாண்டியது கிடையாது.

உன் குரல் அப்படியொரு கனம். வாசல் கதவுக்குப் பின்னாலிருந்து நீ "யாரு?" என்று கேட்டால் வந்தவர்கள், "தம்பி, அப்பா உண்டா?" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி பேசிப் பேசி நீ பேச்சையே பாதியாக்கிக்கொண்டாய். ஆல்ட்டோ மேலே ஏறுகிற இடங்களில் நீ சும்மா உதட்டை மட்டும் அசைப்பாய். ஆனால் சார் தென்னர்காரர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறபோது, அவர்களோடு சேர்ந்து நீ அடித்தொண்டையில் முனகுவது எனக்குக் கேட்கும். அந்தப் பாகம் உனக்கென்றே தைத்த சட்டைபோல இருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று என் கையைக் கிள்ளிவைத்தாய்.

தியேட்டரில் நமக்கு இங்கிலீஷ் ஒரு மண்ணும் விளங்கவில்லை. துறைமுகத்தில் மீன் வண்டி தள்ளுகிறவன் பெரிய பாட்டுக்காரன் ஆகிறான் என்கிறவரைக்கும் பிடிகிட்டியது. தொப்பியில் இறகு வைத்த ஒருத்தி அடிக்கடி வந்தாள். அவள் அவனுக்கு அக்காள் என்றேன் நான், பெண்டாட்டி என்றாய் நீ. முத்தம் கொடுக்கிற இடம் வந்ததும் சார் எழும்பி, "எல்லாரும் கண்ண மூடு, காதத் தொறந்து வை!" என்று அதட்டினார். அக்காள் இல்லை என்பது விரல் சந்து வழியாக எனக்கும் தெரிந்துபோனது.

அப்புறம் அந்த இடம். பெரிய மேடை, சபை நிறைய ஜனம். அவன் உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான், நெற்றி நரம்பு புடைக்கிறது. மாடத்தில் இருந்த இறகுத்தொப்பிக்காரி கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தினாள். அவளுடைய தோள் குலுங்கியது. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்த நேரம் பார்த்து படம் சாடியது! ரீல் அறுந்து ஒட்டினதோ என்னமோ, பட்டென்று அடுத்த காட்சியில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் தொடங்கியது நம் வழக்கு.

"சத்தம் கொள்ளாம், ஆனா தாளம் பாவம்ட்டி. அவன் இஷ்டத்துக்கு இழுக்கான். ஆர்மோனியக்காரிய நெனச்சுப் பாத்தானா?" என்றேன்.

"தாளம் காத்து நிக்கட்டு. அப்படியொரு சத்தம் உள்ளவனுக்குக் காத்து நின்னா என்ன?"

"தண்ணி கேக்கதுக்கும் பாடுதான். கதைன்னு ஒண்ணு வேண்டாமா?"

நெய்யாற்றின்கரை தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு மெல்லக் கேட்டாய். "அவ அவனப் பாத்துச் சிரிச்சா, நீ கண்டியா?"

"அழுதாட்டி. தோளு குலுங்கிச்சே."

"சிரிச்சாலும் தோளு குலுங்கும். எனக்குத் தெரியாதா, எத்தன பேரு வாயப் பொத்திச் சிரிச்சு நான் பாத்திருக்கேன்? அவனும் பாத்தான் மக்கா. பாத்தும் நிறுத்தல்லியே. அதாக்கும் எனக்குப் புடிச்சது."

அந்த வருஷங்கள் எப்படிப்பட்டவை என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். தமிழ் பேசுகிற தெற்குத் தாலுகாக்கள் மலையாள நாட்டை விட்டு மெட்ராஸோடு சேரவேண்டும் என்று ஊர்வலம், கொடி, கோஷம். தெற்கே ஊர்வலத்தின்மேல் போலீஸ் துப்பாக்கி வெடித்த பிறகு ஆண்பிள்ளைகள் வீட்டில் தங்கவே பயந்தார்கள். நாலு பேர் கூடி நின்றால் போலீஸ் வந்தது. வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், ஜெபத்தில் தமிழ், ஏச்சுக்கு மலையாளம் என்று சுகமாகக் கிடந்த ஜனத்திடம், நீ எந்தப் பக்கம் என்று எல்லாரும் கேட்கத் தொடங்கிய காலம்.

அந்த நேரத்தில்தான் நம் சார், புண்ணியவான், ஆலயத்து வெளிப்பலகையில் சாக்பீஸால் எழுதிவைத்தார்: "தென்னர் எல்லாரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் கூடிவரவும்."

நம் ஊர் ஸ்டேஷன் ஏட்டு தமிழ் வாசிக்கத் தெரிந்த மனுஷன். அதுதான் வினை. அந்த வெள்ளிக்கிழமை கொயர் பழகிக்கொண்டிருந்தபோது ரெண்டு போலீஸோடு உள்ளே வந்துவிட்டார். தென்னர் என்றால் தெற்கத்திக்காரர், ரகசியமாகச் சங்கம் கூடுகிறார்கள் என்று அவருக்கு எண்ணம்.

"ஆராடா ஈ தென்னர்?"

சார் பாட்டுத் தாளை நீட்டினார். "பேஸுக்கு மேல, ஆல்ட்டோவுக்குக் கீழ உள்ளவங்க சார்" என்றார்.

"மேலயும் கீழயும் எல்லாம் ஸ்டேஷனில் வந்நு பறஞ்ஞால் மதி. நடக்கடா!"

மூன்று தென்னர்களையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்கள், ஐயோ நாங்கள் பாட்டுக்காரர்கள் என்று அழுதிருக்கிறார்கள். அப்படியானால் பாடிக் காட்டு என்றார் ஏட்டு. பாடினார்கள். தென்னர் பாகத்தை மட்டும் தனியாகப் பாடினால் அது பாட்டாகவா இருக்கும்? ஒரே சுரத்தில் நின்று நின்று, திடீரென்று ஏறி, மறுபடி நிற்கும். ஏட்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது பாட்டல்ல, கள்ளம்!" என்று உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டார். திங்கட்கிழமை வெளியே வந்த பிறகு அவர்கள் இதை நடித்துக் காட்டியபோது நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே, ஓர்மை உண்டா?

ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாரும் சிரிக்கவில்லை. அறுப்பின் பண்டிகை. வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் ஆலயத்தின் முன்னால் குவிந்து கிடந்தன. களியக்காவிளைப் பக்கத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க ஒரு வீட்டார் வந்து, முன்வரிசையில் உன் அம்மையோடு உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு வரன் உன் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போன பிறகு வந்த இடம் அது. காலையில் உன் அம்மை என் முன்னாலேயே உன் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "இன்னைக்கு ஒரு நாளு வாயத் தொறக்காத மக்கா. அவிய போன பொறவு எம்புட்டு வேணும்னாலும் கத்து." நீயும் சரி என்று தலையாட்டினாய்.

ஆராதனை தொடங்குமுன் சார் தாள்களைச் சுருட்டிவிட்டார். அந்தப் பாட்டில் நடுவே தென்னர் தனியாக எடுக்க வேண்டும், அதன் மேல்தான் மற்றவர்கள் ஏற முடியும். மாசக்கணக்காகப் பழகியது. "தென்னர் இல்லாம நிக்காது. சாதாரண கீர்த்தனை ஒண்ணு பாடிட்டுப் போவோம்" என்றார் கிழவர்.

"நான் பாடுதேன் சார்" என்றாய்.

சார் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்க இருந்து பாடினா பேஸுக்குக் கேக்காதே பிள்ளே. அங்க போய் நிக்கணுமே."

உன் உள்ளங்கை ஈரமாக இருந்தது. என் தோளில் ஒரு நொடி வைத்தாய், ரவிக்கை வழியாக உணர்ந்தேன். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடைபாதையைத் தாண்டி, ஆண்கள் பக்கத்துக் காலிப் பெஞ்சில் போய் ஒற்றையாக நின்றாய். ஆலயம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. உன் அம்மை பாதி எழும்பி, பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உன் இடம் வந்தது. நீ எடுத்தாய். நான் கண் நிறைந்து கட்டையைத் தப்பாக அமுக்கினேன், அது உனக்குத் தெரியும், வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டினாய். அந்தக் கனத்த குரல் தரையோடு தரையாக வந்து, எல்லாரையும் தாங்கிக்கொண்டு எழும்பியது. பேஸுக்காரர் ஒருவர் தாளை விட்டுவிட்டு உன்னையே பார்த்தார். என் இடத்திலிருந்து பெண்கள் பக்கம் முழுதும் தெரியும். ஒரு குழந்தைகூட அசையவில்லை. உன் அம்மை முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

வெளியே பலாமரத்தடியில் என்னைப் பிடித்து நிறுத்தினாய். "எல்லாவளும் சிரிச்சாளுவ, இல்லியா?"

"ஒருத்தியும் சிரிக்கல்லட்டி. சத்தியமாட்டு."

"பொய் பறையாத. எனக்க அம்ம முந்தானைய வாயில வச்சிருந்தா. நான் பாத்தேன்."

"அழுதாட்டி!"

"ஆமா, படத்துக்காரியும் அழுதான்னுதானே நீ சொன்ன" என்றாய், ஒரு சிரிப்புச் சிரித்தாய். அதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை. அம்மையிடம் கேட்க உனக்குத் தைரியம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் காப்பிகூடக் குடிக்காமல் போன கோபத்தில் அவளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ நேரே தென்னர் பெஞ்சுக்குத்தான் போனாய். மூணு தென்னர்களும் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

பிறகு மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் பெண் கேட்டு வந்தார், பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம், அதனாலேயே உன் குரல் அவருக்குக் குறையாகத் தெரியவில்லை. நீ அந்தப் பக்கம் போனாய், எல்லை நம் ரெண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது. ஒரே பேச்சுப் பேசுகிற நாம் ரெண்டு மாநிலத்துக்காரிகள் ஆனோம். களியக்காவிளைச் செக்போஸ்டில் அரிசிப்பையைத் தடவிப் பார்ப்பான், நீ கொண்டுவருகிற அந்தப் படத்து வழக்கை மட்டும் எவனும் தடுக்கவில்லை. அங்கேயும் போய் தென்னர் பெஞ்சில் நின்றாய். முதல் நாள் எல்லாரும் வாயைப் பொத்தினார்கள் என்றும், நீ நிறுத்தவில்லை என்றும் பெருமையாகச் சொன்னாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது குரலே இல்லாமல் கேட்டாய். "இப்பமாவது சொல்லுட்டி. அவ சிரிச்சாதானே?" நானும் விடவில்லை. "அழுதா" என்றேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய், பிடிவாதக்காரி.

நேற்றைய சிடியில் படம் சாடவில்லை. அந்த இடம் முழுசாக இருந்தது. அவள் கைக்குட்டையைக் கீழே இறக்குகிறாள். முகமெல்லாம் ஈரம். எனக்குக் கண் சரியில்லை என்று மகளிடம் கேட்டேன். "கரையுகயா அம்மே, கண்டூடே?" என்றாள். அழுகிறாளாம்.

ஜெயித்தவள் நான். எழும்பி ஆட வேண்டியது. ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு நான் எழும்பவில்லை. அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை மக்கா. உன்னைப் பார்த்தும் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சபையே சிரிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதன் நடுவில் ஒற்றையாக நின்று, கடைசி சுரம்வரை நீ பாடி முடித்தாய். ஆயுசு முழுக்க அப்படியே பாடினாய். இதை நினைக்க நினைக்க உன்மேல் எனக்கு ஆசையும் ஆத்திரமும் ஒன்றாக வருகிறது. நான் சொன்னதை ஒரு தடவையாவது நம்பியிருக்கக் கூடாதா?

படத்தைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை, கேட்டுக்கொள். கதை மோசம், தாளம் பாவம். அவன் இன்னும் தண்ணீர் கேட்பதற்கும் பாடுகிறான்.

சாயங்காலம் அடுக்களையில் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் அந்த அறுப்பின் பண்டிகைப் பாட்டு வாயில் வந்தது. என் பாகம் இல்லை, உன்னுடையது. ஒரே சுரத்தில் நின்று நின்று, திடீரென்று ஏறுமே, அது. என் கிழட்டுக் குரல் அங்கே போகாது, பழைய கதவுபோலக் கிறீச்சிட்டது. மகள் வாசலில் வந்து நின்று, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. இவள் சிரிக்கத்தான் செய்தாள், அதில் வழக்கே இல்லை.

நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.