கண் மூடி நின்ற படம்

மார்ச் 4, திங்கள்

இன்றும் ஏழு மணிக்குப் படம் உறைந்தது. பகல் முழுக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறேன், ஒரு விக்கல் இல்லை. தங்கச்சி வீடியோவில் வந்தால் மட்டும் இணையத்துக்கு மூச்சு வாங்குகிறது. அவளுக்குக் காது கேட்காது. கையும் முகமும்தான் எங்கள் பேச்சு. படம் நின்றால் வாயைப் பொத்திய மாதிரி.

இணையக் கம்பெனிக்குப் போன் போட்டேன். "மோடத்தை அணைச்சுப் போட்டுப் பாருங்கம்மா" என்றாள் ஒரு பெண். எத்தனை தடவைதான் அணைப்பது?

மார்ச் 5, செவ்வாய்

வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு, ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்துதான் தங்கச்சி என்னைக் கூப்பிடுவாள். ஏழரைக்குப் புருஷன் வந்து கூட்டிப்போவான். அவள் போனை அவன் நோண்டுவான் என்பதால் மெசேஜ்கூடப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்கு.

இன்று கேட்டுவிட்டாள். "அக்கா, அவரை விட்டுட்டு உன்கிட்டயே வந்துடட்டுமா?"

"வா, இன்னிக்கே வா" என்றேன். அவள் அசையவில்லை. உறைந்திருந்தாள். பிறகு இணைப்பே போய்விட்டது. நான் சொன்னது போய்ச் சேர்ந்ததா, இல்லையா?

மார்ச் 6, புதன்

முகம் இறுகிப்போய் வந்தாள். "நீ கண்ணை மூடிக்கிட்ட" என்றாள்.

ஐயோ. சின்ன வயதுச் சண்டைகளில் நாங்கள் செய்வது அதுதான். கண்ணை மூடிக்கொண்டால் முடிந்தது, எதிரே இருப்பவள் கை வலிக்கப் பேசினாலும் ஒன்றும் ஏறாது. நேற்று நான் கண் சிமிட்டிய நேரம் பார்த்துப் படம் நின்றிருக்கிறது. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி, என் மூடிய கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இல்லடி, நெட்டு —" என்று ஆரம்பித்தேன். மறுபடி உறைந்தது. இந்தத் தடவை எந்த மூஞ்சியோடு நின்றேனோ!

மார்ச் 7, வியாழன்

கூப்பிடவில்லை.

மார்ச் 8, வெள்ளி

இன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் "நேர்ல போயிடலாமா?" என்றார். போனால், நான் எதற்கு வந்தேன் என்று அவன் அவளைத்தான் குடைவான்.

மார்ச் 9, சனி

பிடித்துவிட்டேன்! எந்த நிரல் நெட்டை இழுக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்து, மவுஸும் கையுமாகக் காவல் காத்தேன். ஒன்றுமில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் கம்ப்யூட்டரின் அப்டேட் மொத்த வேகத்தையும் விழுங்கிக்கொண்டு இறங்குகிறது. மவுஸைத் தொட்டேன். நின்றது. கையை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பம்.

பாவி. விசைப்பலகையிலும் மவுஸிலும் கை படவில்லை என்றால் ஆளே இல்லை என்று நினைக்கிறது. தங்கச்சியோடு பேசும்போது என் இரண்டு கையும் காற்றில்தானே இருக்கும்? பேசி முடித்ததும் நான் கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறேன், அதனால் அப்டேட்டும் முடிந்தபாடில்லை. மறுநாள் ஏழு மணிக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

அப்டேட்டுக்கு வேக வரம்பு போட்டேன். ஒரு வாரம் நிறுத்தியும் வைத்தேன். ஆனாலும் நம்ப மனசு வரவில்லை.

மார்ச் 11, திங்கள்

ஆறரைக்கே உட்கார்ந்துவிட்டேன். இவரைக் கேமராவில் விழாமல் தரையில் உட்காரவைத்து மவுஸைக் கையில் கொடுத்தேன். "ஆட்டிக்கிட்டே இருங்க."

"கல்யாணமானதுலேர்ந்து நீ என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை இதுதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழு ஆயிற்று. வரவில்லை. இனி வரவே மாட்டாளோ என்று நினைக்கும்போது வந்தாள். நான் எதையும் விளக்கவில்லை. கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, "வா" என்றேன். மறுபடி, "வா." கண் எரிந்தது, சிமிட்டவில்லை.

"பேய் மாதிரி முழிக்காதக்கா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

மார்ச் 17, ஞாயிறு

வியாழக்கிழமை ஒற்றைப் பையோடு வந்து இறங்கினாள். அவள் மேலாளரம்மாவே மத்தியானம் பஸ் ஏற்றிவிட்டாராம். அவன் ஓயாமல் எனக்குப் போன் செய்கிறான். நான் எடுப்பதில்லை.

இன்று சாப்பிட்டுவிட்டு அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். இவர் எட்டிப் பார்த்து, "கம்ப்யூட்டர் என்னமோ இறக்குது, நிறுத்தட்டுமா?" என்றார்.

"இறக்கிட்டுப் போகட்டும்" என்றேன்.

திரும்பினால் தங்கச்சி கண்ணை மூடியிருந்தாள். என்ன சொல்லிவிட்டேன்?

தூங்கிப்போயிருந்தாள். வந்ததிலிருந்து இன்றுதான் தூங்குகிறாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்தேன்.