உன் பெட்டிக்குப் பத்துக்குப் பத்து

அருப்புக்கோட்டை,
20.11.1994

சிங்கப்பூரில் இருக்கும் அன்புத் தம்பி ஆனந்தகுமாருக்கு, அண்ணன் காசிராஜன் ஆசியுடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மழை மட்டும் பந்தல்குடி வரைக்கும் வந்துவிட்டு, எங்களைப் பார்க்காமலே திரும்பிவிட்டது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாக எனக்கு இடது காது கேட்பதில்லை. வெளியே மூச்சு விடவில்லை. கடையில் சேலைக்கு அடிமாட்டு விலை கேட்கிறவர்களை அந்தப் பக்கமாக உட்கார வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். இந்த லட்சணத்தில் நீ, உன் கையால் செய்த முதல் பாட்டுக் கன்வர்ட்டர் பெட்டியை அனுப்பி, "அண்ணே, உங்க காதைத்தான் நம்புறேன். வித்தியாசம் தெரியுதுன்னு நீங்க சொன்னாத்தான் முதலாளிகிட்ட காட்டுவேன். இல்லேன்னா இதோட விட்டுருவேன்" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு வேறு காதே கிடைக்கவில்லையா?

பெட்டி பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. உன் மதினி கோகிலாம்பாள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுத்தான் தொடவே விட்டாள். மேசை மேலே டிஸ்க் பிளேயர், ஆம்ப்ளிஃபயர், அவளுடைய செட்டியார் பொம்மை எல்லாம் இருப்பதால், உன் பெட்டிக்குக் கீழ்த்தட்டில், தரையோடு தரையாகத்தான் இடம் கிடைத்தது.

டிஸ்க்கில் வெறும் எண்ணாகக் கிடப்பதைப் பாட்டாக மாற்றுகிற வேலையைப் பிளேயரைவிட இது சுத்தமாகச் செய்யும் என்று நீ எழுதியதை, பருத்திக் கமிஷன் கடை சங்கையாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவன், "ஏலே, பாடுற பெட்டிக்கு இன்னொரு பெட்டியா? அரைச்ச பருத்தியைத் திரும்ப அரைக்கச் சொல்றானா உன் தம்பி?" என்றான். எனக்கு வந்ததே கோபம்! அவனையே சாட்சியாக உட்கார வைத்துச் சோதனை நடத்திவிட்டேன்.

காது குறைந்த நான் நீதிபதியாக இருப்பது நியாயமில்லை. அதனால் உன் மதினியை நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டால் கண்ணைக் கட்டினேன். நீ அனுப்பிய வீணை டிஸ்க்கைப் போட்டேன். ஆம்ப்ளிஃபயர் ஒயரை ஒரு தடவை பிளேயரில் சொருகுவேன், ஒரு தடவை உன் பெட்டியில் சொருகுவேன். இப்போது பாடுவது பழசா, புதுசா என்று அவள் சொல்ல வேண்டும். மாற்றி மாற்றிப் பத்துத் தடவை.

தம்பி, பத்தும் சரி! ஒன்றுகூடத் தப்பவில்லை! எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "இதென்ன பெரிய வித்தையா? புதுப் பெட்டியில வாசிக்கிறவுக மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது. பாவம், வயசானவுக போல" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சங்கையா தன் தோள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினான். பொறாமை, வேறென்ன.

அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீரசோழன் ஊர் பாய் கைலி எடுக்க வந்தார்; அவருக்குச் சொன்னேன். மதுரைக்குப் போகும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் காரியாபட்டியிலேயே இறங்கிக்கொண்டார். பிளஸ் டூவில் இரண்டு தடவை பெயிலான என் தம்பி, வீணைக்காரர் மூச்சைக் கடல் தாண்டி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்திருக்கிறான் என்றால் சும்மாவா?

ஆகவே பயப்படாதே. முதலாளிக்கு முன்னால் தலை நிமிர்ந்து பெட்டியை வை. அவர் என்ன சொன்னாலும் அதை மூலையில் போட்டுவிடாதே. நம் அப்பா இருந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடியதை நான் சொல்கிறேன்: நீ நன்றாக வருவாய்.

இப்படிக்கு,
ஒற்றைக் காது அண்ணன்
காசிராஜன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பேனா மேசைக்கடியில் உருண்டுவிட்டது. முட்டி போட்டு, தொப்பையை மடக்கிக் குனிந்து எடுத்து, மூச்சு வாங்க நிமிர்ந்தேன். அடுப்படியிலிருந்து உன் மதினி, "என்னங்க, தம்பி பெட்டியில பாட்டுப் போட்டுட்டீகளா?" என்றாள். வீட்டில் கரண்ட் இல்லை.