பதினாறு நிறம்

வவுனியா
2001 ஆனி

அன்புள்ள தம்பி பிரதீபன்,

நீர் கொழும்புக்குப் போன நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனிப் போதும்.

நம் கணினி நிலையத்தில் உமது பெயர் ஓய்வதேயில்லை. மின்விசிறி நின்றாலும், அச்சு இயந்திரம் கடதாசியை மென்றாலும், "பிரதீபன் சேர் இருந்திருந்தால்" என்பார்கள். நான் ஒருவன் அங்கேயே நிற்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

போகிற அவசரத்தில் நீர் லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிவிட்டுப் போன ஐந்து இயந்திரங்களும் என்னை என்ன பாடு படுத்தின தெரியுமோ? படங்களோடு வரும் திரையை மூடி வெறும் எழுத்துத் திரைக்கு வந்தால், எழுத்து வரவேண்டிய இடத்தில் கோடும் புள்ளியும். பிள்ளைகள் "ஐயோ சேர், செத்துப் போச்சு!" என்று பிளக்கைப் பிடுங்குவார்கள். மறுநாள் இயந்திரம், ஒழுங்காக நிறுத்தாத குற்றத்துக்கு, கோப்புகள் இருக்கும் தன் வட்டைச் சோதித்து எழும்புவதற்குள் மின்சாரம் போய்விடும். மாணவி ராஜினி ஒரு கிழமையாகத் தட்டிய கட்டுரை அப்படித்தான் அழிந்தது. பொறுப்பாளர் ஞானேஸ்வரி மிஸ் என்னைத்தான் முறைத்தா.

நான் பிளக்கைத் தொடவில்லை. அந்தக் கிறுக்கலைப் பார்த்தபடியே நிறுத்தும் கட்டளையைத் தட்டினேன். ஒழுங்காக நின்றது. ஆக, உயிர் இருக்கிறது, முகம்தான் குழம்பியிருக்கிறது. அடுத்த முறை இன்னொரு எழுத்துத் திரைக்குத் தாவினேன், அங்கும் கிறுக்கல். திரையைப் புதுப்பிக்கும் கட்டளைக்கும் அசையவில்லை. பிழை, திரைக்குப் படம் அனுப்பும் அட்டையில். அதை இயக்க நீர் போட்ட டிரைவர் மென்பொருள், வெளியேறும்போது அட்டையைப் பழைய நிலைக்குத் திருப்பாமல் போய்விடுகிறது. உம்மைப் போலத்தான். அதை எடுத்துவிட்டு, எந்த அட்டைக்கும் பொருந்தும் பொது டிரைவரின் பெயரை அமைப்புக் கோப்பில் எழுதினேன். ஐந்திலும் எழுத்து தெளிவாகத் திரும்பியது.

பொது டிரைவருக்குப் பதினாறு நிறம்தான். மிஸ் வந்து பார்த்தா. "பிரதீபன்ர காலத்தில நல்ல வடிவான நிறமா இருந்தது, என்ன?" என்றா. பிள்ளைகளெல்லாம் ஓமென்று தலையாட்டினார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது மிஸ் உம்மைத் தலைமைப் போதனாசிரியராகக் கூப்பிடப் போகிறாவாம். வந்தால், உமக்குக் கீழே நான். துணுக்காயிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, இந்த வயதில் எனக்கென்று கிடைத்தது இந்த ஒரு கதிரைதான்.

நீர் கெட்டிக்காரன். இல்லையென்றால் எனக்கு இவ்வளவு எரியாது. மிஸ் கேட்டால் உண்மையை எழுதும்: பிழை நீர் போட்ட டிரைவரில், நான் திருத்தினது சரியென்று. அதற்கு மனம் வராவிட்டால், இங்கே வராமலாவது இரும். கொழும்பில் உமக்கு வேலைக்கா பஞ்சம்? அங்கேயே கலியாணம் கட்டி, பிள்ளை குட்டியோடு நல்லாயிரும். மனதார வாழ்த்துகிறேன்.

கீழே பெயர் எழுதப் போனேன். எழுதினால் உம்மிடம் பிச்சை கேட்டவனாகிவிடுவேன். ஆர் எழுதினதென்று உமக்கு விளங்கும்; விளங்கட்டும். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.