தாலியில் ஒட்டிய குங்குமத் தண்ணீர்

சிஞ்ச்வட், புனே
3-12-2000

செல்ல மகள் பார்கவிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி மூவரும் நன்றாக இருக்கிறோம், உகாண்டாவில் நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பிரணவுக்குத் தளேகாவில் வேலை கிடைத்துவிட்டது, காலையில் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறான், டிபன் டப்பாவை மட்டும் தினமும் மறக்கிறான்.

எபோலா நோயாளியைக் கவனிக்கும் முறை என்று நீ அங்கிருந்து எழுதி அனுப்பிய ஆறு பக்கத்தையும் எங்கள் ஆஸ்பத்திரியில் படித்துக் காட்டினேன். எபோலா அங்கே, இங்கே எதற்கு இந்தக் கூத்து என்று பெரிய டாக்டர் சிரித்தார். பக்கத்துச் சாகண் பாக்டரிகளிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்களே, ஒருத்தர் காய்ச்சலோடு வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்றேன், சரி, ஏற்பாடு செய்யுங்கள் என்றார். கடைசி அறையை ஒதுக்கினோம், தனி வாசல், குளோரின் வாளி, எல்லாம் நீ எழுதியபடிதான். பாதுகாப்பு உடுப்பைக் கழற்றும்போது பார்த்துத் தவறு சொல்ல ஒருவர் வாசலில் நிற்க வேண்டும், அவர் சொல்லுக்கு டாக்டரும் கட்டுப்பட வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் ஆயா சரசாவை நிறுத்தினேன். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஒத்திகைக்கு ரத்தத்துக்குப் பதிலாகக் குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து கிளவுஸில் தடவிக்கொண்டோம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பார்த்தால் என் தாலியெல்லாம் சிவப்பு! குனியும்போது தாலி வெளியே வந்தால் உள்ளே தள்ளுகிற பழக்கம் எனக்கு, கை தானாகப் போயிருக்கிறது. தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் சிஸ்டர் என்றாள் சரசா. இருபத்தேழு வருஷ சர்வீஸ் எனக்கு, நீ யாரடி எனக்குச் சொல்ல என்று கத்திவிட்டேன். நீங்கள் போட்ட சட்டம்தானே என்றாள், வாசலை விட்டு நகரவில்லை.

வீட்டில் அப்பாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கேட்டதும் அவர் கையை நீட்டினார், கொடு, நான்தான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேனே, எனக்கு என்ன ஆகிவிடும் என்றார். வாங்கி சாமி படத்தடியில் வைத்தார். நான் அழுதுவிட்டேன், உன்னிடம் மறைப்பானேன்.

அடுத்த வாரமே சாகணிலிருந்து ஒருவர் வந்துவிட்டார், உகாண்டாவிலிருந்து திரும்பி ஒன்பது நாளாம், உடம்பு கொதிக்கிறது. மூன்று நாளும் நான்தான் உள்ளே போய்வந்தேன். பயம்தான். சரசா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கழற்றினேன், கழுத்தும் வெறும் கழுத்து. அவசரத்தில் கிளவுஸ் இல்லாமல் நுழையப்போன பெரிய டாக்டரைக்கூடக் குறுக்கே நின்று மறித்துவிட்டாள். நான்காம் நாள் மலேரியாதான் என்று முடிவு வந்தது, மனிதர் இப்போது வீட்டில் இருக்கிறார். இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று டாக்டர் எல்லார் எதிரிலும் கேட்டார், என் மகள் என்றேன். அதைச் சொன்னபோது எனக்கிருந்த பெருமை நீ பிறந்தன்றுகூட இருந்ததில்லை கண்ணு.

இருந்தது போதும், வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. சனிக்கிழமை ஒருபொழுதை மட்டும் விட்டுவிடு, வெறும் வயிற்றோடு அந்த உடுப்புக்குள் போகாதே, பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நோய்நொடி அண்டாமல் நூறு வயசு இரு. பதிலில் ஒன்றை மறக்காமல் எழுது. நீ உடுப்பைக் கழற்றும்போது வாசலில் நின்று பார்க்கிறவள் பெயர் என்ன? இனிமேல் உன் பெயரோடு அவள் பெயருக்கும் அர்ச்சனை செய்ய வேண்டும்.

உன் பிரியமுள்ள அம்மா,
மங்கையர்க்கரசி